நீராவியில் மரம் அரிய ஆசைப்படும் வட்டக்கச்சித் தம்பிமாருக்கு



வட்டக்கச்சி, இராமநாதபுரம், மாயவனூர், கல்மடுநகர் பக்கங்களில் கராஜும் வெல்டிங் கடையும் தச்சுப் பட்டறையும் நடத்துகிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் நீராவி எஞ்சின் ஒன்றைச் சொந்தமாகச் செய்து, அதில் அரிவு வாளைப் பூட்டப் போகிறீர்கள் என்று சந்தையடியில் கதை அடிபடுகிறது. வெளிநாட்டில் யாரோ ஒரு கிழவர் தன் காணிக்குள் நீராவியில் மரக்குற்றி அரிகிற வீடியோ எனக்கும் வந்து சேர்ந்தது. பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். புகையும், நீண்ட பெல்ற்றும், பிஸ்ரன் போய்வருகிற தாளமும், வாள் மரத்துக்குள் இறங்கும்போது மாறுகிற அந்தச் சத்தமும்! இரும்பு வேலையில் கை பழகியவனுக்கு அதைப் பார்த்து ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஊரில் பெரியாட்கள் இதை விசர் வேலை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இதில் எது உங்கள் கைக்கு ஏற்ற வேலை, எதை நீங்கள் தொடவே கூடாது என்பதை வெளிப்படையாகக் கதைக்கவேண்டும். நீராவிக்குப் பின்னால் ஓடுகிற அவசரத்தில் வேறொரு வேலை கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. அதையும் சொல்லவேண்டும்.

உங்கள் நியாயம் எனக்கு விளங்குகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலை கொடுக்கவும் ஆள் தயார், டீசல்தான் இல்லை. அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு எவருக்கும் எரிபொருள் கிடையாது என்று அரசாங்கமே அறிவித்தது. அதற்கு முந்திய தலைமுறை 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினோம், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைகள், அரிந்த மரத்தின் கழிவையே எரித்து அடுத்த மரத்தை அரியலாமே என்று யோசிப்பதில் பிழை எதுவும் இல்லை.

நீராவி எங்களுக்குப் புதிதும் அல்ல. 1905இல் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை முழுதாகத் திறந்தபோது, கிளிநொச்சியூடாக ஓடியது நீராவி வண்டிதான். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் உங்கள் அயலில் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளை ஒரு காலத்தில் விறகெரித்து ஓட்டிய எஞ்சின்களைப் பற்றி அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தேயிலை இயந்திரங்களைச் செய்து அனுப்பிய இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பனி நீராவி எஞ்சின்களும் செய்தது. சில்லுப் பூட்டி, மாட்டையோ குதிரையையோ கட்டி இழுத்துக்கொண்டு போகக்கூடிய எஞ்சின்கள். காட்டோரத்தில் நிறுத்திப் பெல்ற்றைப் போட்டால் அரிவு மில் ரெடி. நீங்கள் வீடியோவில் பார்க்கிற கிழவரிடம் இருப்பதும் பெரும்பாலும் அப்படியொரு கம்பனிச் சாமான்தான், வீட்டில் ஒட்டிய பரல் அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். பிறகு வருகிறேன்.

எங்கள் கடலிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. அந்தமானில் போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில் சாத்தம் தீவு அரிவு மில் 1883இல் தொடங்கியது, அதுவும் நீராவியில். ஆசியாவின் பழைய, பெரிய மில்களில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். ரங்கூன் மில்களில் யானைகள் தேக்கங்குற்றி அடுக்கிய கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் பலவும் அந்தப் பர்மாத் தேக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

நாலடி விட்டமுள்ள வட்ட வாள் ஒழுங்காக அரிய நிமிடத்துக்கு 700, 800 சுற்றுச் சுற்றவேண்டும். நீராவி எஞ்சின் 200, 250 சுற்றில் நிதானமாக ஓடும். எஞ்சினில் பெரிய வீல், வாளில் சிறிய புல்லி, இடையில் பெல்ற் என்று வைத்தால் கணக்குச் சரி. அந்தப் பெல்ற்றை முப்பது, நாற்பது அடி நீளத்துக்குப் போடுவார்கள். வீண் ஆடம்பரத்துக்கு இல்லை, நெருப்பையும் மரத்தூளையும் பிரித்து வைக்க. சோளகம் வீசுகிற மாதங்களில், கிடுகுக் கூரைகளுக்கு நடுவே, புகைபோக்கியில் பொறி பிடிக்கும் வலை இல்லாமல் நெருப்பு மூட்டினீர்கள் என்றால் மரத்தோடு அயலும் போகும்.

நீராவியிடம் டீசலுக்கு இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. பாலைக் குற்றியின் கணுவில் வாள் இறுகும்போது சின்ன டீசல் எஞ்சின் இருமி நின்றுவிடும். நீராவி நிற்காது. வேகம் குறையக் குறைய முழு அழுத்தத்தோடு பிஸ்ரனைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பாரமான வீல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்த இழுவைக்காகத்தான் பழைய ஆட்கள் அதை அவ்வளவு விரும்பினார்கள்.

அதன் பசியையும் சொல்லவேண்டும். வீட்டில் செய்கிற சின்ன எஞ்சின், விறகிலுள்ள வெப்பத்தில் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கை வேலையாக மாற்றினாலே பெரிய காரியம். 15 குதிரைவலு வேண்டுமென்றால், என் கணக்கில் மணித்தியாலத்துக்கு 60 கிலோ காய்ந்த விறகும் 250, 300 லீற்றர் தண்ணீரும் போகும். அதே வேலைக்கு டீசல் நாலு லீற்றர் அளவில் முடியும். குற்றியை அரிந்தால் ஏறத்தாழப் பாதிதான் பலகையாக வரும், மிச்சம் பட்டையோடு கழிகிற ஓரப்பலகையும் தூளும். ஆகவே விறகுக்குக் குறைவில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் இன்று அரிந்த கழிவு பச்சை. அதை இன்றே எரித்தால் வெப்பத்தில் ஒரு பங்கு மரத்திலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். போன பருவத்துக் கழிவைக் காயவைத்து இந்தப் பருவத்தில் எரிக்கவேண்டும். அதற்கு இடமும் பொறுமையும் தேவை.

தண்ணீர் இதைவிடப் பெரிய சிக்கல். உங்கள் வீட்டுக் கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சி வெள்ளைப் படை பிடித்திருக்கும். சுரண்டினால் தகடு தகடாகக் கழன்று வரும். கொதிகலனுக்குள்ளும் இதே படைதான் பிடிக்கும். ஆனால் அங்கே அது நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் சுவராக நிற்கும். தண்ணீர் இரும்பைக் குளிர்விக்க முடியாமல் போக, இரும்பு சிவந்து இளகும். உள்ளே அழுத்தம், வெளியே இளகிய தகடு. இரணைமடு வாய்க்கால் தண்ணீர் கொஞ்சம் மென்மையாக இருந்தாலும் அதில் மண் வரும். ஆலைக்காரர்கள் தண்ணீரைச் சுத்திகரித்துவிட்டுத்தான் கொதிகலனுக்கு விடுகிறார்கள். அவர்கள் காசு வீணாக்கத் தெரியாதவர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

200 லீற்றர் பரலை ஒட்டிக் கொதிகலன் ஆக்கலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பரலின் வட்ட மூடி 57 சென்ரிமீற்றர் விட்டம். சதுர சென்ரிமீற்றருக்கு 7 கிலோ அழுத்தம் வைத்தால் (எஞ்சின் உருப்படியாக ஓட அவ்வளவாவது வேண்டும்) அந்த ஒரு மூடியை மட்டும் ஏறத்தாழ 18 தொன் பாரம் வெளியே தள்ளும். தகட்டின் தடிப்போ ஒரு மில்லிமீற்றர் அளவுதான். துருவையும் உங்கள் வெல்டிங்கையும் நான் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

கொதிகலன் வெடிப்பதைச் சில்லு வெடிப்பது மாதிரி நினைக்கக்கூடாது. காற்று அடைத்த பாத்திரம் வெடித்தால் இருக்கிற காற்று வெளியேறி முடிந்துவிடும். கொதிகலனுக்குள் இருப்பது 170 பாகை வெப்பத்தில், அழுத்தத்தால் மட்டுமே தண்ணீராக அடங்கிக் கிடக்கிற தண்ணீர். ஓரிடத்தில் கிழிந்து அழுத்தம் விழுந்ததும் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். கட்டடம் இருந்த இடம் வெறும் தரையாகும்.

1863இல் கல்கத்தாவில் நடந்த கொதிகலன் வெடிப்புக்குப் பிறகுதான் இந்தியாவில் இதற்கென்று சட்டம் வரத் தொடங்கியது. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2001 யூலையில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மெடினா என்ற ஊரில், கண்காட்சிக்குக் கொண்டுவந்த பழைய நீராவி உழவு எஞ்சின் ஒன்று வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். அது கேஸ் என்ற பேர்போன கம்பனி செய்தது. ஓட்டி வந்தவர்கள் அந்த எஞ்சின்மீது உயிரையே வைத்திருந்தவர்கள். உள்ளே தண்ணீர் குறைந்துவிட்டது, நெருப்புக்கு மேலிருந்த தகடு வருடக்கணக்கில் தேய்ந்து மெலிந்திருந்தது, அழுத்தமானி சரியாகக் காட்டவில்லை. கம்பனிச் சாமானுக்கே அந்தக் கதி.

காஸ் சிலிண்டரை வெட்டிச் செய்யலாம் என்பது அடுத்த யோசனை. சிலிண்டர் பெரிய அழுத்தம் தாங்கும்தான், முழுசாக, குளிராக இருக்கும்வரை. வெட்டி, துளைபோட்டு, ஒட்டி, கீழே நெருப்பு மூட்டிய பிறகு அது வேறு சாமான். வெட்டுகிறபோதே உள்ளே மிஞ்சிய காஸ் பற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு. உங்கள் வெல்டிங்கை நான் குறைத்து மதிக்கவில்லை. கேற்றும் பெட்டியும் கலப்பையும் நீங்கள் ஒட்டினால் உடையாது. ஆனால் அழுத்தப் பாத்திரத்தின் ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே கடுகளவு குமிழி இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது, நெருப்புக்குத் தெரியும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, நீராவிக் கொதிகலனில் பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியும் இருக்கவேண்டும், அதிகாரம் பெற்ற ஒருவர் காலத்துக்குக் காலம் சோதிக்கவும் வேண்டும். இதைக் கந்தோர்க்காரரின் தொல்லை என்று எடுக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே கொதிகலனை நீங்கள் செய்யக்கூடாது. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

எஞ்சினைச் செய்யுங்கள். அதற்கு உங்களிடம் கையும் இருக்கிறது, கிளிநொச்சியில் லேத்தும் இருக்கிறது. சிலிண்டர், பிஸ்ரன், ஆவியை மாறிமாறி விடுகிற வால்வு, வீல் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, சில்லுக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரைக் கொண்டுவந்து பூட்டுங்கள். நீராவி எஞ்சின் காற்றிலும் ஓடும். சிறிய எஞ்சின் செய்பவர்கள் உலகம் முழுக்க முதலில் இப்படித்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். நெருப்பு இல்லை, கொதிநீர் இல்லை. வால்வின் நேரத்தைத் திருத்தலாம், எங்கே ஒழுகுகிறது என்று சோப்பு நுரை பூசிப் பார்க்கலாம். வட்டக்கச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொழில்நுட்பப் பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதை ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை அடங்காவிட்டால், பெயர்த்தகடும் சோதனைச் சான்றிதழும் உள்ள கொதிகலன் வாங்குவதைப் பற்றிக் கதைக்கலாம். நெல் புழுக்குகிற ஆலைகளில் உமி எரித்து ஓடுகிற கொதிகலன்களைப் போய்ப் பாருங்கள். அதன் விலையைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

வாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்தில் அநேக மரம் அரிபவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு இருக்கிறது. 2008, 2009இல் செல் விழுந்த வளவுகளில் நின்ற வேம்பும் பாலையும் முதிரையும் இரும்பை உள்ளே வைத்து வளர்ந்துவிட்டன. வெளியே பார்த்தால் பட்டை மூடி, தழும்பு கூடத் தெரியாது. குற்றியின் வெட்டுமுகத்தைக் கழுவிப் பாருங்கள். சில மரங்களில் இரும்பு இருக்கிற இடத்திலிருந்து வைரத்தின் வழியே ஒரு கருநீலக் கறை நீளமாக ஓடியிருக்கும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி ஆகிவிட்ட கறை அது. அந்தக் கறையைக் கண்டால் வாளை இறக்கவேண்டாம். முழு வேகத்தில் ஓடுகிற வாள் ஒரு செல் துண்டில் பட்டால் பல் முறிந்து பறக்கும், முன்னால் நிற்கிறவனின் நெஞ்சுக்கோ முகத்துக்கோ. ஜேர்மனியில் ஹ்யூர்ட்கன் காட்டு மரங்களை, இரண்டாம் உலகப் போர் முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகும் மில்காரர்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தடவிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கையில் பிடிக்கிற அந்தக் கருவி ஒன்றை நாலைந்து பட்டறைகள் சேர்ந்து வாங்கலாம். நீராவி எஞ்சினுக்கு முன்னால் வாங்கவேண்டியது அதுதான்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. காட்டு முதிரையை இரவில் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலுக்குள் மறைத்துக் கொண்டுவருகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கள்ளமரம் அரிகிற மில்லுக்கு நீராவி என்ன, சூரிய சக்தி என்ன? எதில் ஓடினாலும் களவு களவுதான். வளவு மரங்களிலும் பலவற்றைக் கொண்டுபோகப் பாதை அனுமதி வேண்டும். பலாவையும் பெண் பனையையும் அனுமதியின்றித் தறிப்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பங்கருக்கும் காவலரணுக்கும் இழந்த பனைகள் போதும்.

இனி, கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று சொன்னேனே, அந்த வேலை. உங்களுக்குக் குறை வலுவில் இல்லை. வாளை ஓட்ட மூன்று பேஸ் கரண்ட் இருக்கிறது, அது இல்லாத நாளில் உழவு இயந்திரத்தின் பின்பக்கச் சுழல்தண்டு இருக்கிறது. குறை, மரத்தைக் காயவைப்பதில் இருக்கிறது. மீள்குடியேறிய பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபா உதவியோடு கட்டிய வீடுகளைச் சுற்றி வந்து பாருங்கள். மழைக்குப் பூட்டாத கதவு, வெயிலுக்கு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விடுகிற கதவு, முறுகின யன்னல். மரம் கூடாதது இல்லை. தறித்த சூட்டோடு அரிந்து, அரிந்த சூட்டோடு நிலை அடித்ததுதான் காரணம். பச்சை மரத்தின் பாரத்தில் பாதி வரைக்கும்கூடத் தண்ணீராக இருக்கலாம். காயும்போது நீளத்தில் அது அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். அதிலும் வளையத்தின் போக்கில் சுருங்குவது மற்றப் பக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை குழிந்து வளைவது இதனால்தான். ஆணி அடித்து அதை நிறுத்த முடியாது. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காயவேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இன்றைக்கு எந்த வீட்டுக்காரர் ஒரு வருடம் காத்திருப்பார்?

அரிகிற கழிவை அழுத்தமே இல்லாமல் பயன்படுத்த இங்கேதான் வழி இருக்கிறது. கல்லால் ஓர் அறை கட்டுங்கள். அடுப்பு வெளியே இருக்கட்டும். ஓரப்பலகையையும் தூளையும் அதில் எரித்து, சூட்டை இரும்புக் குழாய்வழியே அறைக்குள் கொண்டுபோய், புகையை மறுபக்கத்தால் வெளியே விடுங்கள். பலகைகளுக்கிடையில் ஒரே தடிப்பான சட்டம் வைத்து அடுக்கவேண்டும். ஒரு காற்றாடி, ஈரம் வெளியேற இரண்டு துவாரம், தொடக்க நாட்களில் மேற்பரப்பு வெடிக்காமல் இருக்கத் திறந்த தட்டில் தண்ணீர். 50, 60 பாகைக்கு மேல் போகத் தேவையில்லை. வருடம் பிடிக்கிற வேலை வாரக் கணக்கில் முடியும். பாலை மாதிரி இறுகிய மரத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், கோபித்துக்கொண்டு வெடிக்கும். சூட்டை 60 பாகையில் வைத்தால் அது உளுவையும் கொல்லும். கப்பலில் போகிற மரப்பெட்டிகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற விதி, மரத்தின் நடுவரை 56 பாகை, 30 நிமிடம் என்பதுதான். இந்த அறையில் எது பிழைத்தாலும் சில பலகைகள் கெடும், கூடிப்போனால் அறை எரியும். ஆள் சாவது அரிது.

இதைத் தனியே ஒரு பட்டறை செய்வது கஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்தால் செய்யலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திடம் இடம் கேளுங்கள், தச்சர் எல்லோரும் கன அடிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் காயவைக்கட்டும். காய்ந்த மரத்தில் செய்த கதவு என்று சொல்லி விற்க வன்னியில் எத்தனை பட்டறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எஞ்சின் ஓடுகிற அன்று எனக்குச் சொல்லி அனுப்புங்கள், கொம்பிரசரோடு வருகிறேன். பரலுக்குக் கீழே நெருப்பு மூட்டுகிற அன்று கூப்பிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பழைய மெக்கானிக் ஒருவன்
வட்டக்கச்சி